மீனுக்கு உடம்பு சரியில்லையா? மருந்துப் பாட்டிலைத் திறக்கும் முன் செய்ய வேண்டியவை

காலையில் தீவனத்தைத் தூவியதும் எல்லா மீன்களும் மேலே பாய்ந்து வரும். ஒன்று மட்டும் ஹீட்டருக்குப் பின்னால், துடுப்புகளை உடம்போடு மடக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். புதிதாக மீன் வளர்ப்பவருக்கு உடனே தோன்றுவது, ஏதாவது மருந்தை வாங்கி ஊற்றிவிட வேண்டும் என்பதுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு கப்பி மீனின் வாலில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது என்று தொட்டி முழுக்க மெத்திலீன் புளூ ஊற்றினேன். ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் அது கொன்றுவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான்கே நாளில் அமோனியா ஏறி, எந்த நோயும் இல்லாத ஏழு மீன்கள் செத்துப்போயின. இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

அதனால்தான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். மருந்து ஐந்தாவது படியில்தான் வரும். பல நேரம் அதுவரை போகவே தேவைப்படாது.

படி 1: முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

வீட்டுத் தொட்டியில் மீன் சோர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அழுகும் தீவனத்திலிருந்தும் அமோனியா சேர்ந்துகொண்டே இருக்கும். ஃபில்டரில் குடியிருக்கும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் நிலைகொள்ளப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டி வைத்து ஒரு மாதத்துக்குள் மீன் சுணங்கினால் முதல் சந்தேகம் இங்கேதான்.

சொட்டு சொட்டாக விடும் திரவ டெஸ்ட் கிட் வாங்குங்கள். தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டைகளைவிட அது நம்பகமானது. பல கிட்களில் நைட்ரேட்டுக்கான இரண்டாவது பாட்டிலின் அடியில் மருந்து படிந்துவிடும். அரை நிமிடம் பலமாகக் குலுக்காமல் விட்டால் அளவு குறைவாகக் காட்டும். வண்ண அட்டையோடு ஒப்பிடும்போது பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

அமோனியா 0, நைட்ரைட் 0 என்று இருக்க வேண்டும். நைட்ரேட் 40 பி.பி.எம்முக்கு (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) கீழே, முடிந்தால் 20க்குக் கீழே. பி.எச். அளவையும் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) வெப்பநிலையையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அமோனியாவின் விஷத்தன்மை அவற்றைப் பொறுத்தது. 25 டிகிரி செல்சியஸில், பி.எச். 7 உள்ள தண்ணீரைவிட பி.எச். 8 உள்ள தண்ணீரில் அதே அளவு அமோனியா கிட்டத்தட்ட பத்து மடங்கு கொடியது.

அமோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் அன்றே 30 முதல் 50 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். புதுத் தண்ணீர் தொட்டித் தண்ணீரின் வெப்பத்திலேயே இருக்கட்டும், குளோரின் நீக்கியும் கலந்திருக்கட்டும். ஒரு நாள் வாளியில் வைத்திருந்தால் குளோரின் போய்விடும் என்பது ஓரளவுக்குச் சரி. குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணீராக இருந்தால் அப்படிப் போகாது, நீக்கி கட்டாயம் வேண்டும். மறுநாள் மறுபடி சோதித்து, தேவைப்பட்டால் மறுபடி மாற்றுங்கள். தீவனத்தை ஓரிரு நாள் நிறுத்தினால் தப்பில்லை, வளர்ந்த மீனுக்கு அது பெரிய விஷயமே இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. பல மாதமாகத் தண்ணீரே மாற்றாத தொட்டி என்றால், ஒரே நாளில் பாதியை மாற்றாதீர்கள். அங்கே பி.எச். மெல்ல மெல்ல இறங்கியிருக்கும், அமோனியா அதிக விஷமில்லாத வடிவில் தேங்கியிருக்கும். திடீரென்று பி.எச். ஏறினால் அது விஷமாக மாறி மீனைத் தாக்கும். தினமும் 10 சதவீதமாக மாற்றி மெதுவாக மீட்டெடுங்கள்.

படி 2: கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள்

தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருங்கள். தீவனம் போடாதீர்கள், கண்ணாடியைத் தட்டாதீர்கள். ஐந்து நிமிடத்தில் மீன்கள் உங்களை மறந்துவிடும், அப்புறம்தான் உண்மையான நடத்தை தெரியும்.

எல்லா மீனுக்கும் ஒரே நேரத்தில் கோளாறு என்றால் அது தண்ணீர்க் கோளாறு. ஒன்றில் தொடங்கி, நாளுக்கு இரண்டு மூன்றாகப் பரவினால் தொற்று. ஒன்றுக்கு மட்டுமே, மற்றவை கலகலப்பாக இருக்கின்றன என்றால் சண்டைக் காயம், முதுமை, வயிற்றுக் கோளாறு ஆகியவற்றைப் பாருங்கள். நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான். பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா? ஆக்சிஜன் போதவில்லை, அல்லது செவுள் பாதிக்கப்பட்டிருக்கிறது. ஏர் பம்ப் நன்றாக ஓடியும் அப்படியே செய்தால் நைட்ரைட்டைச் சந்தேகியுங்கள். நைட்ரைட் உள்ளே போனால் ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. செவுள் சிவப்பு மாறிப் பழுப்பாகத் தெரியும். கல்லிலும் மணலிலும் உடம்பைத் தேய்த்துக்கொள்கிறதா? ஒட்டுண்ணி அரிப்பு, இல்லாவிட்டால் அமோனியா எரிச்சல். சாய்ந்தோ தலைகீழாகவோ மிதந்தால் மிதவைப்பைக் கோளாறு, அதாவது மீன் நிலையாக மிதக்க உதவும் காற்றுப்பையில் கோளாறு.

படி 3: டார்ச் அடித்துத் தோலைப் பாருங்கள்

அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தொட்டியின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் செதிலின் பளபளப்பு மட்டுமே தெரியும். சாய்வாக அடித்தால் தோலில் புடைத்து நிற்பது எல்லாம் தனித்தனியாகத் தெரியும். ஒரு படமும் எடுத்து வையுங்கள், நாளை ஒப்பிட உதவும்.

உப்புத் தூளைத் தூவியது போலத் தனித்தனி வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரே அளவில்: இது வெள்ளைப்புள்ளி நோய், இக் என்பார்கள். புள்ளி புள்ளியாக இல்லாமல் பொன் தூசியோ துருவோ படிந்தது போல மங்கலாக மினுங்கினால் வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். பஞ்சு போல இழை இழையாக, காயம் பட்ட இடத்தில் நின்றால் பூஞ்சை. வாயோரத்தில் வெண்மையாக, அல்லது முதுகில் சேணம் போட்டது போல வெளிறிய பட்டையாக இருந்தால், பார்வைக்குப் பூஞ்சை போலத் தெரிந்தாலும் அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. துடுப்பின் ஓரம் கிழிந்து, வெண்மையாகக் கரைந்துகொண்டே போனால் துடுப்பு அழுகல். மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் விரிந்து, உடம்பு உப்பியிருந்தால் நீர்க்கோவை. கழிவுத் துவாரத்தில் சிவப்பு நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தால் குடல்புழு.

கோல்டு ஃபிஷ் வளர்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண் மீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முதல் முள்ளிலும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் வரும். அது நோயே இல்லை. புள்ளிகள் அந்த இடங்களில் மட்டும் இருந்து, மீன் சுறுசுறுப்பாகத் தின்றால் விட்டுவிடுங்கள்.

படி 4: தனித்தொட்டி தயார் செய்யுங்கள்

15 அல்லது 20 லிட்டர் கொள்ளும் சாதாரணத் தொட்டியே போதும், சுத்தமான பிளாஸ்டிக் டப்பாகூடப் போதும். மணல் வேண்டாம், செடி வேண்டாம். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், தேவைப்பட்டால் ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பி.வி.சி. பைப். பெரிய தொட்டித் தண்ணீரையே நிரப்புங்கள். அது சோதனையில் சரியாக இருந்தால் மட்டும். மருந்து போட்ட தொட்டியில் பாக்டீரியாவை நம்ப முடியாது என்பதால் தினமும் அமோனியா பார்த்து, கால்பங்கு தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றிய தண்ணீருக்கு உண்டான மருந்தை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும்.

துடுப்பு அழுகல், பூஞ்சை, காயம், நீர்க்கோவை எல்லாவற்றுக்கும் தனித்தொட்டி. வெள்ளைப்புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் மட்டும் பெரிய தொட்டியிலேயே சிகிச்சை நடக்க வேண்டும், ஏனென்றால் கிருமியின் ஒரு பருவம் அங்கே தரையில் இருக்கிறது.

படி 5: நோய்க்கு ஏற்ற சிகிச்சை

முதலில் தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடுங்கள். நீளம் × அகலம் × தண்ணீரின் உயரம், எல்லாம் சென்டிமீட்டரில். வருவதை 1000ஆல் வகுத்தால் லிட்டர். 60 × 30 × 30 என்றால் 54 லிட்டர். மணலுக்கும் கல்லுக்கும் ஐந்தாறு லிட்டர் கழித்தால் சுமார் 48. மருந்து இந்த 48க்குத்தான். மூடியால் உத்தேசமாக ஊற்றாதீர்கள், சிரிஞ்சில் அளந்து விடுங்கள். ஃபில்டரில் கார்பன் (தண்ணீரைச் சுத்தம் செய்யும் கரித்துண்டுகள்) இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தை அது உறிஞ்சிவிடும். ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான்.

வெள்ளைப்புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் சந்திப்பதும் பாதியில் கைவிடுவதும் இதைத்தான். நீங்கள் பார்க்கும் புள்ளி மீனின் தோலுக்கு அடியில் இருக்கிறது. எந்த மருந்தும் அங்கே எட்டாது. அது கொழுத்ததும் உதிர்ந்து தரையில் ஒட்டிக்கொண்டு உறை கட்டும். உறைக்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, உறை உடைந்து நீந்தி வரும். அந்த நீந்தும் பருவத்தில் மட்டுமே மருந்து வேலை செய்யும். 25 டிகிரி அளவில் இந்தச் சுழற்சி முழுவதும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும், குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் இழுக்கும். மூன்றாம் நாள் புள்ளி உதிர்ந்துவிட்டது, குணமாகிவிட்டது என்று நிறுத்தினால், அடுத்த வாரம் முன்பைவிடப் பல மடங்காகத் திரும்பி வரும்.

வெப்பமண்டல மீன் என்றால் ஒரு நாளைக்கு 2 டிகிரியாக ஏற்றி 30 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப்பைக் கூட்டி வையுங்கள். கூடவே உப்பு: முதல் நாள் லிட்டருக்கு 1 கிராம், மறுநாள் இன்னும் 1 கிராம். நம் 48 லிட்டர் தொட்டிக்கு ஒவ்வொரு நாளும் 48 கிராம். எதுவும் சேர்க்காத கல் உப்பு நல்லது. ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் மெல்ல விடுங்கள். உப்பு ஆவியாகாது, வற்றிய தண்ணீருக்கு வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். லோச், கோரிடோரஸ் போன்ற மீன்கள் உப்பை அதிகம் தாங்காது, அவற்றுக்குப் பாதி அளவோடு நிறுத்துங்கள். சில செடிகளும் வாடும். கோல்டு ஃபிஷ்ஷுக்கு 30 டிகிரி வேண்டாம். இதற்கும் அடங்காவிட்டால் மாலகைட் கிரீன் உள்ள மருந்து, லேபிள் சொல்லும் அளவில், கையுறை போட்டுக்கொண்டு.

வெல்வெட் கிருமிக்கு வெளிச்சம் உணவு. விளக்கை அணைத்துத் தொட்டியைத் துணியால் மூடுங்கள், தாமிரம் உள்ள மருந்து போடுங்கள். இறாலும் நத்தையும் தாமிரத்தில் செத்துவிடும். முன்பே வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

துடுப்பு அழுகல் ஆரம்ப நிலையில் இருந்தால் நாள் விட்டு நாள் 25 சதவீதம் தண்ணீர் மாற்றினாலே நின்றுவிடும். வெட்டுப்பட்ட ஓரத்தில் கண்ணாடி போல நிறமில்லாத புதுத்துடுப்பு தெரிந்தால் மீன் தேறுகிறது. அழுகல் உடம்பை நெருங்கினால்தான் பாக்டீரியா மருந்து. பூஞ்சைக்கு மெத்திலீன் புளூ, தனித்தொட்டியில் மட்டும்.

காலம்னாரிஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும், அதுவும் சீக்கிரம். தண்ணீரைச் சூடாக்கவே கூடாது. சூட்டில் அது வெறியாகப் பரவும். வெள்ளைப்புள்ளி என்று தவறாக நினைத்து ஹீட்டரை ஏற்றினால் ஓரிரு நாளில் மீன் போய்விடும். மூன்றாவது படியை அவசரப்படாமல் செய்யச் சொன்னது இதற்காகவும்தான். சிக்கலானால் மீன் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

மிதவைப்பைக் கோளாறு பல நேரம் மலச்சிக்கல்தான். இரண்டு மூன்று நாள் தீவனம் நிறுத்துங்கள். கோல்டு ஃபிஷ்ஷுக்கு அப்புறம் வேகவைத்துத் தோலுரித்த பட்டாணியைச் சின்னத் துண்டாகக் கொடுக்கலாம். நீர்க்கோவை வேறு. செதில் விரியும் நேரத்தில் சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருக்கும், பெரும்பாலான மீன்கள் பிழைப்பதில்லை. உங்கள் மேல் தவறு என்று நொந்துகொள்ளாதீர்கள். தனியாக, அமைதியாக வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: குணமான பிறகு

புதுக் கார்பனைப் போட்டு இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றினால் மருந்து வெளியேறிவிடும். உப்பைக் கார்பன் எடுக்காது, அது தண்ணீர் மாற்றத்தில் மட்டும்தான் குறையும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரில் இரண்டு பிழி பிழிந்தால் போதும்.

கையில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் தொட்டிக்குள் வெறுங்கையை விடாதீர்கள். மீனுக்கு வரும் காசநோய் வகைக் கிருமி ஒன்று மனிதத் தோலிலும் ஆறாத புண்ணை உண்டாக்கும்.

இனி வாங்கும் ஒவ்வொரு மீனும் அந்தத் தனித்தொட்டியில் மூன்று, நான்கு வாரம் இருக்கட்டும். அதற்கென்று தனி வலை வையுங்கள். ஒரே வலைதான் இருக்கிறது என்றால், ஒரு தொட்டியில் பயன்படுத்தியதும் அலசி, ஈரம் துளியும் இல்லாமல் வெயிலில் காய்ந்த பிறகே அடுத்த தொட்டிக்குள் போகட்டும்.