எஸ்எம்எஸ் எங்க போச்சுது? ஏசிங்க்ஐஓ டாஸ்க்கைக் கையில பிடிச்சு வையுங்கோ

யாழ்ப்பாணம்-கொழும்பு இரவு பஸ்ஸுக்கு சீட் புக் பண்ணுற சைட் ஒண்டு பைதன்ல செய்தனான். நல்லூர்த் திருவிழா நேரம் சனம் புக் பண்ணுது, டேட்டாபேஸ்ல சீட்டும் விழுந்திருக்கு, ஆனா சில பேருக்கு மட்டும் எஸ்எம்எஸ் போகேல்லை. ரெண்டு இரவு முழிச்சிருந்துதான் பிழையைப் பிடிச்சனான், அதால வடிவா எழுதி வைக்கிறன்.

சைட் ஓடுறது ஏசிங்க்ஐஓவில, அதாவது காத்திருக்கிற நேரத்தில வேற வேலையைப் பாக்க விடுற பைதன் லைப்ரரி. அந்த வேலையளை மாறி மாறி ஓட்டுறதுதான் ஈவென்ட் லூப், முதல்ல அது என்னெண்டு பாப்பம். வெங்காயத் தோட்டத்தில தண்ணி மாறுறது பாத்திருப்பியள், வாய்க்கால் ஒண்டு, மண்வெட்டியோட நிக்கிற ஆளும் ஒண்டு, ஒரு பாத்திக்கு விட்டு வாயைக் கட்டிப்போட்டுத்தான் அடுத்த பாத்தி. அவெயிட் எண்டு போடுற இடந்தான் அந்த வாயைக் கட்டுற இடம். ஏசிங்க் ஃபங்ஷனுக்குள்ள டைம் ஸ்லீப் 5 செக்கன் போட்டியளெண்டா வாய் கட்டப்படேல்லை, அந்த 5 செக்கனும் வேற ஒருத்தற்ர ரிக்வெஸ்டும் நகராது. வேற சேர்வரோட கதைக்கப் பாவிக்கிற ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியும் அப்பிடித்தான். அதுகளுக்குப் பதிலா ஏசிங்க்ஐஓ ஸ்லீப், ஹெச்டிடிபிஎக்ஸ் லைப்ரரியின்ர ஏசிங்க் கிளையன்ட் பாவியுங்கோ, மாத்தேலாத பழைய கோட் எண்டா பைதன் 3.9ல வந்த, வேலையை லூப்புக்கு வெளிய வேற த்ரெட்டில ஓட்டுற டு த்ரெட்டுக்குள்ள போட்டு விடுங்கோ.

இனி என்ர பிழை. புக்கிங் முடிஞ்ச உடன, பின்னால தனிய ஓடட்டும் எண்டு கிரியேட் டாஸ்க்குக்கு எஸ்எம்எஸ் ஃபங்ஷனைக் குடுத்திட்டு, அது திருப்பித் தாற டாஸ்க்கை ஒரு வேரியபிள்லயும் வைக்காமல் அடுத்த வரிக்குப் போட்டன். லூப் டாஸ்க்கை வீக் ரெஃபரன்ஸாத்தான், அதாவது இறுக்கிப் பிடிக்காமல்தான் வைச்சிருக்கும், வேற ஒருத்தரும் பிடிச்சிருக்காட்டி வேலை முடிய முதலே, ஒருத்தரும் பாவிக்காததை மெமரியில இருந்து துப்புரவாக்கிற கார்பேஜ் கலெக்டர் அள்ளிக்கொண்டு போகலாம். லொக்ல "டாஸ்க் வாஸ் டிஸ்ட்ரோய்ட் பட் இட் இஸ் பெண்டிங்" எண்டு ஒரு வரி கிடந்தது, அதைத்தான் நான் கவனிக்கேல்லை.

செய்ய வேண்டியது இதுதான்: மொடியூல் மட்டத்தில வெறும் செட் ஒண்டு வையுங்கோ, டாஸ்க்கை உருவாக்கின உடன அதுக்குள்ள ஆட் பண்ணுங்கோ, பிறகு டாஸ்க் முடிய என்ன செய்யவேணுமெண்டு சொல்லுற ஆட் டன் கோல்பேக்குக்கு, செட்டில இருந்து எடுத்துவிடுற டிஸ்கார்டைக் குடுங்கோ, முடிஞ்ச டாஸ்க் தானா வெளிய போயிடும், மெமரியும் ஏறாது. எஸ்எம்எஸ் ஃபங்ஷனுக்குள்ள ட்ரை எக்செப்ட் போட்டு எரரை லொக் பண்ணுங்கோ, ஏனெண்டா அவெயிட் பண்ணாத டாஸ்க் எரரில விழுந்தா, புக்கிங் ரிக்வெஸ்டைக் கவனிக்கிற உங்கட ஹேண்ட்லர் ஃபங்ஷனுக்கு ஒண்டும் தெரியவராது.

பைதன் 3.11ல வந்த, பல டாஸ்க்கை ஒண்டாச் சேர்த்து ஓட்டுற டாஸ்க் குரூப் நல்லது, ஆனா அது உள்ளுக்க இருக்கிற எல்லாம் முடியுமட்டும் காத்திருக்கும், ஒண்டு விழுந்தா மிச்சத்தையும் கான்சல் பண்ணும். மூண்டு இடத்தில விலை கேட்டுச் சேர்க்கிற வேலைக்கு அது சரி, பின்னால போற எஸ்எம்எஸ்ஸுக்குச் சரிவராது.

எங்க லூப் அடைபடுதெண்டு தெரியேல்லையோ, ஏசிங்க்ஐஓவின்ர டிபக் மோடை ஒன் பண்ணி ஓட விடுங்கோ, 100 மில்லிசெக்கனுக்கு மேல இழுக்கிறதை அதுவே லொக்ல சொல்லும்.

இன்னொண்டு, சேர்வர் ரீஸ்டார்ட் ஆனா இந்த டாஸ்க் எல்லாம் மெமரியோட போயிடும். அதால இப்ப நான் அனுப்ப வேண்டிய எஸ்எம்எஸ்ஸை முதல்ல டேட்டாபேஸ்ல ஒரு டேபிள்ல எழுதிப்போட்டுத்தான் டாஸ்க்கைத் தொடங்கிறன், சேர்வர் எழும்பேக்க அனுப்பாமல் கிடக்கிறதை எடுத்துத் திரும்ப அனுப்பும்.