வெள்ளிக்கிழமை முடிவு, சனிக்கிழமை நடை: டஸ்கனியின் பழைய யாத்திரைப் பாதையில் இரண்டு நாள்

ஐரோப்பாவில் வேலைக்கோ படிப்புக்கோ வந்திருக்கிறீர்களா? இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் வரை டிக்கெட் கிடைத்துவிட்டால், வியா ஃபிரான்சிஜெனா என்ற பழைய யாத்திரைப் பாதையில் இரண்டு நாள் நடக்கப் பெரிய திட்டமிடல் எதுவும் வேண்டாம். 990-இல் கான்டர்பரி பேராயர் சிஜெரிக் ரோமிலிருந்து ஊர் திரும்பியபோது, வழியில் தங்கிய இடங்களையெல்லாம் குறித்து வைத்தார். அந்தப் பட்டியலை ஒட்டித்தான் இன்றைய பாதை போகிறது. கான்டர்பரியிலிருந்து ரோம் வரை சுமார் 2000 கிலோமீட்டர். நமக்கு அதில் இரண்டு துண்டு போதும்.

1. எந்தத் துண்டு?

சனிக்கிழமை காம்பாஸ்ஸி டெர்மேயிலிருந்து சான் ஜிமிஞ்ஞானோ வரை, ஏறக்குறைய 14 கி.மீ. ஞாயிறு மொண்டெரிஜோனியிலிருந்து சியெனா வரை, சுமார் 20 கி.மீ. நடுவில் விட்டுப்போகிற துண்டு 30 கி.மீ. இருக்கும். "பாதையை உடைக்கக் கூடாது" என்பவர்கள் சொல்லட்டும். புதிதாக நடப்பவர் முதல் நாளிலேயே அதைத் தொட வேண்டாம். அந்தத் தூரத்துக்கு பஸ் இருக்கிறது.

2. பஸ்ஸும் ரயிலும் (இதை நிதானமாகப் படியுங்கள்)

கிராமத்து பஸ் அட்டவணையில் 'ஃபெரியாலே', 'ஃபெஸ்டிவோ' என்று இரண்டு வகை இருக்கும். முதலாவது திங்கள் முதல் சனி வரை. இரண்டாவது ஞாயிறும் விடுமுறை நாட்களும். சனிக்கிழமை ஓடுகிற பஸ்ஸில் பாதிகூட ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஊர்கள் உண்டு. அதனால் என் விதி ஒன்றுதான்: பஸ் வேலை எல்லாம் சனிக்கிழமையே முடிய வேண்டும், ஞாயிறு நடை ரயில் நிலையம் உள்ள ஊரில் முடிய வேண்டும். சியெனாவைக் கடைசியில் வைத்தது அதற்காகத்தான்.

சனி காலை ஃப்ளாரன்ஸிலிருந்து எம்போலி வழியாக காஸ்டெல்ஃபியோரென்டினோவுக்கு ரயில், அங்கிருந்து காம்பாஸ்ஸிக்கு பஸ். மாலையில் சான் ஜிமிஞ்ஞானோவிலிருந்து போஜிபோன்சிக்கு ஒரு பஸ், அங்கே மாறி சியெனா போகும் பஸ்ஸில் ஏறி, கொலோன்னா டி மொண்டெரிஜோனியில் இறங்க வேண்டும். இரவு தங்கப்போகிற மொண்டெரிஜோனி கோட்டை மேலே தெரியும். ஏறித்தான் ஆக வேண்டும்.

ரயில் டிக்கெட் காகிதமாக இருந்தால், ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள்.  செய்யாவிட்டால் அபராதம்.

3. படுக்கை

யாத்திரிகர் விடுதிகள் பலவற்றில் 'கிரெடென்சியாலே' என்ற யாத்திரிகர் அட்டையைக் கேட்பார்கள். தபாலில் வரவழைக்க நாளாகும். திடீர்ப் பயணத்துக்கு சாதாரண அறையோ பண்ணை விடுதியோதான் சரி. மொண்டெரிஜோனி மதிலுக்குள் அறைகள் கொஞ்சம்தான், வெள்ளி இரவே போன் போட்டுவிடுங்கள்.

4. பை

கணுக்கால் வரை மூடும் கனமான பூட்ஸ் எனக்குப் பிடிக்காது; இந்தப் பாதைக்கு நல்ல பிடிப்புள்ள ஓட்டக் காலணி போதும். மழை பெய்திருந்தால் மட்டும் களிமண் அடிப்பாகத்தில் அப்பிக்கொள்ளும். பாதையின் ஜிபிஎக்ஸ் கோப்பை (வழித்தடம் பதிந்த கோப்பு) ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபடச் செயலியில் ஏற்றிக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். வழியெங்கும் சிவப்பு-வெள்ளைப் பட்டை அடையாளங்கள் உண்டு. ஆனால் முச்சந்திகளில் ஒருமுறை வரைபடத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

5. நடை

முதல் நாள் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏற்ற இறக்கம். பான்கோலே என்ற சிற்றூரில் சாலையே மாதா கோயிலுக்கு அடியில் வளைவுக்குள் புகுந்து போகிறது; அந்த நிழலில் கொஞ்சம் உட்காருங்கள். சான் ஜிமிஞ்ஞானோவில் ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்தன என்பார்கள், இப்போது 14. பகல் கூட்டம் கலைகிறவரை காத்திருக்கலாம், கடைசி பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டு.

இரண்டாம் நாள் வெள்ளைச் சரளைச் சாலையும் காடும். கடைகள் மிகக் குறைவு. இரண்டு லிட்டர் தண்ணீரும் மதியச் சாப்பாடும் கிளம்பும்போதே பையில் இருக்க வேண்டும். பியான் டெல் லாகோ என்ற சமவெளி வரும். அது முன்பு சதுப்பு நிலம், 18-ஆம் நூற்றாண்டில் நிலத்தடிக் கால்வாய் வெட்டி வடித்தார்கள்.

சியெனாவுக்குள் போர்டா கமோலியா வழியாக நுழைவீர்கள். வாசலின் மேல் லத்தீனில் எழுதியிருக்கும்: இந்த வாசலைவிட அகலமாக சியெனா தன் இதயத்தை உனக்குத் திறக்கிறது. இருபது கிலோமீட்டர் நடந்த காலோடு அதைப் படிக்க வேண்டும்! காம்போ சதுக்கத்தைப் பார்த்துவிட்டு இதே வாசலுக்குத் திரும்புங்கள். அதற்குச் சற்று வெளியே நிலையத்துக்கு இறங்கும் நகரும் படிக்கட்டுகள் உள்ளன. ஃப்ளாரன்ஸுக்கு ரயில் சுமார் ஒன்றரை மணி நேரம்.

பிற்சேர்க்கை

இலையுதிர் காலத்தில் போன ஒருவர் காட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் பயந்ததாக எழுதியிருந்தார். செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி இறுதி வரை வேட்டைக் காலம். அப்போது போனால் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் உடுத்துங்கள், பாதையை விட்டு விலகாதீர்கள்.

சைவச் சாப்பாடு பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். 'பிச்சி அல்ல'அல்யோனே' கேளுங்கள்: மாவும் தண்ணீரும் பிசைந்து கையால் உருட்டிய தடித்த பாஸ்தா, பூண்டு-தக்காளிக் குழம்போடு வரும். கூடவே வைக்கும் டஸ்கன் ரொட்டியில் உப்பே இருக்காது, அதனால் குழம்பில் தொட்டுச் சாப்பிடுங்கள். சமையலறை பெரும்பாலும் இரவு ஏழரைக்குத்தான் திறக்கும்.