ஐரோப்பிய ரயிலில் மலிவு டிக்கெட்: பணம் எங்கே கரைகிறது?

ஐரோப்பாவில் ரயிலில் சுற்றத் திட்டம் போடுகிறவர்கள் டிக்கெட் விலையிலேயே கண்ணாக இருக்கிறார்கள். அங்கே மலிவு டிக்கெட் என்றாலே நிபந்தனையோடு வரும் டிக்கெட்தான். அந்த நிபந்தனையை யாரும் மைக்கில் அறிவிப்பதில்லை. பல ஊர்களில் ஸ்டேஷன் வாசலில் தடுப்பும் கிடையாது, பிளாட்பாரத்தில் கேட்பாரும் கிடையாது. வண்டி கிளம்பி, டிக்கெட் பரிசோதகர் எதிரே வந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியும்.

முதல் தவறு யூரேல் பாஸில், அதாவது பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து எடுக்கும் ஒரே பயணச் சீட்டில். பாஸ் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறிவிடலாம் என்று நினைக்கிறோம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் பிரான்சின் டிஜிவி, ஸ்பெயினின் ஏவிஇ, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, லண்டன் போகும் யூரோஸ்டார் ஆகிய அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்கு முன்பதிவுக் கட்டணம் தனி. இத்தாலியில் பத்து யூரோவுக்குக் குறையாது, யூரோஸ்டாரில் அதைப் போல மூன்று மடங்கு. பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடங்களும் குறைவு, அதனால் கோடையில் கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்காது. இட்டாலோ, வீகோ, ஃபிளிக்ஸ்டிரெயின் போன்ற தனி மலிவு ரயில்கள் பாஸை ஏற்பதே இல்லை. போனில் இருக்கும் பாஸ் என்றால் ஏறுவதற்கு முன்பே அந்த ரயிலை ஆப்பில் சேர்த்து, அன்றைய நாளையும் செயல்படுத்தியிருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், தேதியும் ஊரும் முடிவாகிவிட்டவர்களுக்குப் பாஸ் வேண்டாம். சில மாதங்களுக்கு முன்பே தனித்தனி டிக்கெட் எடுப்பது பெரும்பாலும் மலிவு. இன்றைக்கு எங்கே போவது என்று காலையில் எழுந்து யோசிக்கிறவர்களுக்குத்தான் பாஸ். இன்னொன்று: அங்கேயே படிக்கிற, வேலை பார்க்கிற நம்மவர்கள் யூரேலைத் தேடக் கூடாது. வசிக்கும் இடம்தான் கணக்கு, பாஸ்போர்ட் அல்ல. அவர்களுக்கு, ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கான இன்டர்ரெயில் பாஸ்.

முன்கூட்டி எடுக்கும் மலிவு டிக்கெட்டில் வேறொரு சிக்கல் உண்டு. ஜெர்மனியின் ஸ்பார்பிரைஸ் டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். பத்து மணி வண்டிக்கு எடுத்துவிட்டு ஒன்பது மணி வண்டியில் ஏறினால் டிக்கெட் இல்லாத கணக்குதான். ஆனால் தாமதம் அவர்கள் பக்கம் என்றால் கதையே வேறு. போய்ச் சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தாலே அந்தக் கட்டுப்பாடு விலகிவிடும், அடுத்த வண்டியில் ஏறலாம். இது தெரியாமல் கவுண்டரில் புது டிக்கெட்டுக்குப் பணம் கட்டுகிறவர்கள் ஏராளம். ஜெர்மன் ரயில் என்றால் நிமிடம் தவறாது என்பது பழைய கதை. 2024இல் அங்கே நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான், அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாமல்.

இதனால்தான் பயணத்தைத் துண்டு துண்டாக வாங்குவது ஆபத்து. ஐந்து யூரோ மிச்சம் பிடிக்க இரண்டு தனி டிக்கெட் எடுத்தால், முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது தவறும்போது பொறுப்பு உங்களுடையது. ஒரே டிக்கெட்டாக இருந்தால் ரயில்வேயின் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கும், இரண்டு மணி நேரமானால் பாதியும் திரும்பக் கேட்கலாம். கடும் புயல் மாதிரியான காரணங்களுக்கு விலக்கு உண்டு. தானாக வராது, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

ஜெர்மனியின் மாதாந்திர டிக்கெட்டான டாய்ச்லாந்து டிக்கெட்டும் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2026 ஜனவரியில் 63 ஆகிவிட்டது. நாடு முழுவதும் உள்ளூர் ரயில், டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும் என்பதால் இன்னமும் லாபம்தான். ஆனால் ஐசிஇ, ஐசி என்ற நெடுந்தூர ரயில்களில் செல்லாது. அதோடு இது மாதச் சந்தா. பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால், ஊர் திரும்பிய பிறகும் அடுத்த மாதப் பணம் போய்விடும்.

அப்புறம் முத்திரை. இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால் ஏறுவதற்கு முன் ஸ்டேஷனில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். போன் டிக்கெட் என்றால் செக்-இன் செய்ய வேண்டும். மறந்துவிட்டால் பரிசோதகர் வரும்வரை உட்கார்ந்திருக்காமல் நாமே தேடிப் போய்ச் சொல்வது நல்லது. பெர்லினிலும் காகித டிக்கெட்டுக்கு முத்திரை உண்டு, இல்லையென்றால் 60 யூரோ அபராதம். பெர்லினில் கட்டணத்துக்காக ஊரை ஏ, பி, சி என்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது. ஏ, பி மண்டலங்களுக்கு மட்டுமான ஏபி டிக்கெட்டோடு அங்கே போகிறவர்களும் அதே 60 யூரோவைக் கட்டுகிறார்கள். சுற்றுலாப் பயணி, தெரியாது என்ற பேச்செல்லாம் எடுபடாது. நெதர்லாந்தில் பேங்க் கார்டையே தட்டிவிட்டு ஏறலாம், வசதிதான். இறங்கும்போது அதே கார்டைத் தட்ட மறந்தால் ரயிலுக்கு 20 யூரோ பிடித்துக்கொள்வார்கள்.

ஸ்டேஷன் பெயரை முழுதாகப் படியுங்கள். வெனிஸில் தீவுக்குள் இருப்பது சாந்தா லூசியா, பாலத்துக்கு இந்தப் பக்கம் நிலத்தில் இருப்பது மெஸ்த்ரே. மலிவு ஹோட்டல்கள் மெஸ்த்ரேயில்தான் அதிகம், அதனால் எங்கே இறங்க வேண்டும் என்பதை முன்பே பாருங்கள். ஃபிராங்க்ஃபர்ட் இரண்டு உண்டு, ஒன்று போலந்து எல்லையில். பாரிஸில் வடக்கிலிருந்து வரும் ரயில் கார் து நோர் நிலையத்தில் நிற்கும், தெற்கே போகும் ரயில் கார் து லியோனில் கிளம்பும். நடுவில் பெட்டியோடு உள்ளூர் ரயில் பிடிக்க வேண்டும், ஒரு மணி நேரமாவது விடுங்கள். டிஜிவி கதவு புறப்பாட்டுக்கு இரண்டு நிமிடம் முன்பே மூடிவிடும்.

சரியான ரயிலில் ஏறியும் தவறான ஊருக்குப் போகலாம். மியூனிக்கிலிருந்து தெற்கே போகும் உள்ளூர் ரயில் ஹோல்ட்ஸ்கிர்ஹனில் பிரிந்து, பெட்டிகள் வெவ்வேறு ஊர்களுக்குப் போய்விடும். ஏறும் முன் அந்தப் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையைப் பாருங்கள்.

சில்லறை விஷயங்கள்: ஸ்டேஷன் கழிப்பறைக்குப் பல ஊர்களில் ஒரு யூரோ, ரயிலுக்குள் இலவசம். கார்டு இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும், பெரிய ஸ்டேஷனுக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட்தான் கதி. பாரிஸில் கார் து நோரிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் லா ஷப்பேல், ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. ஸ்டேஷனில் விற்கும் சாண்ட்விச்சைவிட அங்கே சாப்பிடுவது மேல்.

யூரோஸ்டார் ஏறுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா லண்டனுக்குச் செல்லாது, பிரிட்டன் விசா தனி. லண்டன் போய்விட்டு மறுபடி பாரிஸுக்கு வருவதாக இருந்தால், ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா போதாது. டிக்கெட் எடுப்பதற்கு முன்பு விசா ஒட்டியிருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.