பத்மநாபபுரம் அரண்மனையை முதல்முறை பார்க்கப் போகிறீர்களா?

தக்கலைக்குப் பக்கத்தில், கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் இருந்தாலும் இந்த அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. ஒருகாலத்தில் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தின் தலைநகர் இந்த ஊர்தான். திங்கட்கிழமை விடுமுறை, மதியமும் கொஞ்ச நேரம் மூடிவிடுவார்கள். அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

படி 1: செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். வெறுங்காலோடு நடப்பது இங்கே ஒரு வசதி. ஏன் என்று மூன்றாம் படியில் புரியும்.

படி 2: முதலில் வருவது பூமுகம், அதாவது முகப்பு மண்டபம். எல்லோரும் அங்குள்ள சீன நாற்காலியையே பார்ப்பார்கள். நீங்கள் அண்ணாந்து பாருங்கள். மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்றுபோல இன்னொன்று இல்லை. குதிரைவீரன் உருவத்தோடு தொங்கும் பித்தளை விளக்கையும் விட்டுவிடாதீர்கள்.

படி 3: மாடியில் மந்திரசாலை. ராஜா அமைச்சர்களோடு ஆலோசித்த அறை. அபிரக (மைக்கா) தகடு பதித்த ஜன்னல்களால் உள்ளே வெயில் சுடுவதில்லை, வெளிச்சம் மட்டும் வரும். இங்கே அவசரப்படாமல் நில்லுங்கள். கண்ணாடியாக மின்னும் கருப்புத் தரை காலுக்குச் சில்லென்று இருக்கும். சுண்ணாம்பு, எரித்த சிரட்டை (கொட்டாங்குச்சி) கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து தேய்த்த தரை என்கிறார்கள். சிமெண்டே தெரியாத காலத்து வேலை!

படி 4: ஊட்டுப்புரை. இரண்டு தளத்திலும் சேர்த்து 2,000 பேர் சாப்பிடக்கூடிய நீளக்கூடம். நீளத்தைப் பார்த்துவிட்டு நகரலாம்.

படி 5: தாய்க்கொட்டாரம். வளாகத்திலேயே பழைய பகுதி. தலை தட்டாமல் குனிந்து போங்கள். பலாமரத் தூணில் செதுக்கியிருப்பதைக் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும், தொடக்கூடாது.

படி 6: அப்புறம் உப்பரிகை மாளிகை. 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படையைத் தோற்கடித்த திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா கட்டிய நான்கு நிலை மாளிகை. கீழே கருவூலம், அதற்கு மேலே ராஜா படுத்த அறை, உச்சியில் சுவரோவியங்கள் நிறைந்த பூஜை அறை. அந்தப் படுக்கையறையில் 64 வகை மூலிகை மரங்களால் செய்த கட்டில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் பரிசாகக் கொடுத்ததாகச் சொல்வார்கள். போரில் தோற்றவர்கள் கட்டில் கொடுத்தார்கள் என்றால், அதில் ராஜாவுக்குத் தூக்கம் வந்திருக்குமா என்றுதான் எனக்குத் தோன்றும்.

படி 7: மரத்தையே பார்த்த கண்ணுக்கு நவராத்திரி மண்டபம் மாறுதலாக இருக்கும், முழுக்கக் கல். ஒவ்வொரு ஆண்டும் நவராத்திரிக்கு இந்த அரண்மனையின் சரஸ்வதி சிலை ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகும். அந்த ஊர்வலத்தையும் பார்க்க ஆசை இருந்தால், நவராத்திரி தொடங்குவதற்குச் சில நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள்.