ஆர்கனாய்டு வளர்ந்தால் மட்டும் போதாது

சினைப்பைப் புற்றுநோய்க் கட்டியின் ஒரு துண்டு அறுவை அரங்கிலிருந்து வருகிறது, அதை நறுக்கி, நொதி ஊற்றிச் செல்களைப் பிரித்து, மேட்ரிஜெல் என்ற ஜெல்லில் கலந்து தட்டில் சொட்டுச் சொட்டாக விட்டால் கொஞ்ச நாளில் ஆர்கனாய்டுகள், அதாவது திசுவைப் போல முப்பரிமாணமாக வளரும் குட்டிச் செல் உருண்டைகள், தெரிய ஆரம்பிக்கும். உடனே மருந்து போட்டுப் பார்க்கக் கை பரபரக்கும். பொறுங்கள்!

அந்தத் துண்டில் கட்டி மட்டும் வரவில்லை, பக்கத்திலிருந்த நல்ல திசுவும் சேர்ந்தே வந்திருக்கும். நாம் ஊற்றும் ஊட்டக் கரைசலில் பல நேரம் நல்ல செல்கள்தான் முந்திக்கொண்டு வளரும். மெல்லிய சுவரோடு உள்ளே வெற்றாக இருக்கும் உருண்டைகளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும், ஆனால் சில கட்டிகளும் அப்படியே வளரும் என்பதால் உருவத்தை நம்பி முடிவு கட்டக்கூடாது. சினைப்பைப் புற்றின் உயர்நிலை சீரஸ் வகையில் ஏறக்குறைய எல்லாக் கட்டிகளிலும், செல் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடும் டிபி53 மரபணு பழுதாகியிருக்கும். அசல் கட்டியில் இருக்கும் அதே பிறழ்வு உங்கள் தட்டிலும் இருக்கிறதா என்று டிஎன்ஏவை வரிசைப்படுத்திப் பாருங்கள். நட்லின்-3 என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் டிபி53 சரியாக உள்ள செல்கள் வளர்ச்சியை நிறுத்திவிடும், கட்டிச் செல்கள் தொடரும், அதுவும் கைகொடுக்கும்.

செல்கள் யாருடையவை என்று டிஎன்ஏவை வைத்துக் காட்டும் எஸ்டிஆர் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் மற்ற வளர்ப்புகளுக்குள் புகுந்து ஆக்கிரமித்ததை 1960களிலேயே ஸ்டான்லி கார்ட்லர் காட்டிவிட்டார், இன்னமும் அந்தக் கூத்து நடக்கிறது. செல்லைன் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் செல் வகை) தேர்விலும் இதே அலட்சியம்தான்: ஏ2780 என்ற பிரபலமான செல்லைனில் டிபி53 பழுதே இல்லை, உயர்நிலை சீரஸ் கட்டிக்கு அது சரியான மாதிரி அல்ல என்று 2013இலேயே வந்துவிட்டது. யார் கேட்டார்கள்?

மேட்ரிஜெல் சுண்டெலிக் கட்டியிலிருந்து எடுப்பது, லாட்டுக்கு லாட் (ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும்) மாறும். ஒரு ஆய்வு முழுக்க ஒரே லாட்டை ஒதுக்கி வையுங்கள். பிப்பெட் முனையையும் முன்கூட்டியே குளிர வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சொட்டு விடுவதற்குள் சூட்டில் ஜெல் இறுகிவிடும்.

அப்புறம், வெறும் ஆர்கனாய்டில் ரத்தக் குழாயும் இல்லை, நோயெதிர்ப்புச் செல்லும் இல்லை. பெவாசிசுமாப் கட்டிக்குப் புதிதாகக் குழாய் முளைப்பதைத் தடுக்கிற மருந்து. அதைக் குழாயே இல்லாத தட்டில் ஊற்றிவிட்டு 'பலன் இல்லை' என்று எழுதிவைத்தால் அது மருந்தின் குறையா?