தறிச் சத்தத்துக்கு நடுவுல பேஸ் கிடார்: கையில இருக்கறதைச் சரி பண்ணிக்கற வழி

எங்க வீட்டுச் சுவத்துக்கு அந்தப் பக்கம் தறிக் குடோன். கோயமுத்தூர் பக்கம் சோமனூர் சுத்துவட்டாரத்துல இது புதுசில்லீங்க. 2003-ல முதல் பேஸ் வாங்கிட்டு வந்து ஆம்ப்ல சொருகுனேன். கம்பியைத் தொடறதுக்கு முன்னாடியே ‘ம்ம்ம்’னு ஒரு இரைச்சல். தறி ஓடுனா ஏறும், பொழுதோட தறியை நிறுத்துனா கொறையும். அந்த இரைச்சல் எங்கிருந்து வருதுன்னு தேடிப் போனதுலதான் இந்தக் கருவியோட உள்வேலை எனக்குப் புடிபட்டுது. பகல்ல மில்லுல எலக்ட்ரீஷியன் வேலை, நோம்பி சீசன்ல ஆர்கெஸ்ட்ராவுல பேஸ். இப்படி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

“இந்த பேஸ் சரியில்லைங்ணா, வேற எது வாங்கலாம்?”னு கேட்டு வர்ற பசங்க முக்காவாசிப் பேரு கையில நல்ல பேஸ்தான் இருக்குது. அதை யாரும் செட் பண்ணிக் குடுக்கலை, அவ்வளவுதான். அதனால வாங்கற பேச்சைக் கடைசியில வெச்சுக்கறேன்.

கம்பியும் கழுத்தும்

அமெரிக்காவுல கிடார் செஞ்ச லியோ ஃபெண்டர் 1951-ல பிரிசிஷன் பேஸை வெளியிட்டப்ப கம்பியோட நீளம், தலைப்பக்கத்து நட்டுல இருந்து ஒடம்புல இருக்கற பிரிட்ஜ் வரைக்கும், 34 இஞ்ச். இன்னிக்கும் பெரும்பாலான பேஸுக்கு அதே அளவுதான். நாலு கம்பி: ஈ, ஏ, டி, ஜி. சாதாரண செட்டோட கனம், ஜி-ல இருந்து ஈ வரைக்கும், 45, 65, 85, 105. இது ஒரு இஞ்சை ஆயிரமாப் பிரிச்ச கணக்கு. கம்பி மேல சுத்தியிருக்கற சுத்து உருண்டையா இருந்தா ரவுண்டுவூண்ட், ‘கிணுங்’னு பளிச்சுன்னு பேசும். சுத்து தட்டையா இருந்தா ஃப்ளாட்வூண்ட், கட்டையா, பழைய சினிமாப் பாட்டு மாதிரி விழும். டெட்ராய்ட்ல மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனிக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் ஃப்ளாட்வூண்ட் போட்டு, அறுந்தாலொழிய மாத்தவே மாட்டாரு. அதுவும் ஒரே ஒரு ஆள்காட்டி விரல்ல வாசிச்சாரு. மெல்லிசைக் கச்சேரிக்கு எனக்கும் ஃப்ளாட்வூண்ட்தான் ஒத்து வருது. வேர்வைக் கைக்கும் அது நெடுநாள் தாங்கும்.

மாத்தும்போது ஒண்ணை மறந்துடாதீங்க. எச்சா இருக்கற நுனியை வெட்டறதுக்கு முன்னால, வெட்டப்போற எடத்துக்கு உள்பக்கமா ஒரு மடிப்பு மடிச்சுட்டு அப்புறமா வெட்டோணும். மடிக்காம வெட்டுனா மேல் சுத்து உள்ள நழுவி, புதுக் கம்பியே செத்த கம்பியாட்டம் பேசும். ரவுண்டுவூண்ட் மங்கிப்போச்சுன்னா கொதிக்கற தண்ணியில பத்து நிமிஷம் போட்டு, நல்லாத் தொடைச்சுக் காயவெச்சு மாட்டலாம். அழுக்குப் போயி கொஞ்ச நாளைக்குப் பளிச்சுன்னு இருக்கும். ரெண்டாம் தடவை அந்த அளவுக்கு வராது.

அடுத்தது கழுத்து. டூவீலர் மெக்கானிக் டேப்பட் வைக்கிற ஃபீலர் கேஜ் உங்களுக்குத் தெரியுமில்லீங்களா, அதேதான் இங்கயும். கம்பியை எல்லாம் சுருதி கூட்டிட்டு, முதல் ஃபிரெட்ல (கழுத்துக்குக் குறுக்க இருக்கற உலோகப் பட்டை) ஒரு கேப்போ, அதாவது கம்பியை அமுக்கிப் புடிக்கற கிளிப், போடுங்க. கடைசி ஃபிரெட்டைக் கையில அழுத்திக்கிட்டு, எட்டாவது ஃபிரெட்டுக்கும் ஈ கம்பியோட அடிவயித்துக்கும் நடுவுல எவ்வளவு சந்து இருக்குதுன்னு பாருங்க. 0.3 மி.மீ. இருந்தாப் போதும். கேஜ் இல்லாத நேரத்துல விசிட்டிங் கார்டு ஒண்ணு நுழையற அளவுன்னு வெச்சுக்கலாம். சந்து பெருசா இருந்தா, கழுத்துக்குள்ள ஓடற இரும்புக் கம்பியான டிரஸ் ராடை வலப்பக்கம் திருகோணும், கம்மியா இருந்தா இடப்பக்கம். ஒரு நேரத்துக்குக் கால் சுத்துக்கு மேல வேண்டாம். மறுபடி சுருதி கூட்டி, சித்த நேரம் விட்டு அளங்க. சாவி இஞ்ச் அளவா மில்லிமீட்டரா பார்த்துட்டுப் போடுங்க. மாத்திப் போட்டா தலை வழுக்கிரும், அப்புறம் கழுத்தே போச்சு. இறுக்கமா இருந்தா பலம் காட்டாதீங்க, நிறுத்திருங்க.

இது முடிஞ்ச பொறவுதான் பிரிட்ஜ்ல கம்பி உக்கார்ற சேடிலோட உயரம். 17-வது ஃபிரெட்ல இருந்து ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. அதுல ஆரம்பிச்சு உங்க கைக்குத் தகுந்தபடி ஏத்தி இறக்குங்க. அதுக்கும் அப்புறம்தான் இன்டோனேஷன், அதாவது எல்லா ஃபிரெட்லயும் சுருதி சரியா நிக்கறது. 12-வது ஃபிரெட்ல ஹார்மானிக் (அழுத்தாம விரல் நுனியால தொட்டு மட்டும்) ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை தட்டி டியூனர்ல பாருங்க. அழுத்துனது சுருதி ஏறி இருந்தா சேடிலைப் பின்னால தள்ளுங்க, இறங்கி இருந்தா முன்னால கொண்டாங்க. இந்த வரிசை மாறுனா வேலை மறுபடி முதல்ல இருந்துதான்.

நம்ம ஊரு காத்தையும் கணக்குல எடுக்கோணும். ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா ஈரக்காத்து அடிக்குது, பங்குனி சித்திரையில எல்லாம் காஞ்சு போகுது. வருஷத்துல ரெண்டு தடவையாவது கழுத்தை அளங்க. சித்திரையில ஃபிரெட் ஓரம் கையைக் கீறுச்சுன்னா வெசனப்படாதீங்க. மரம் சுருங்கிருக்குது, ஃபிரெட் சுருங்கலை, அதான். ஓரத்துல டேப் ஒட்டிட்டு, நைஸ் அரத்துல மெதுவா ஒரு நீவு நீவுனாப் போதும்.

இரைச்சல்

கம்பியோட அதிர்வைக் கரண்டா மாத்தறது பிக்கப், அதுல காந்தத்தைச் சுத்தி ஒரு காயில் இருக்கும். அந்தக் காயில் ஒத்தையா இருந்தா, பக்கத்துல ஓடற மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், மட்டமான எல்இடி சோக்கு, எல்லாத்தோட காந்தப்புலத்தையும் அது வாங்கிக்கும். ஃபெண்டர் 1957-ல பிரிசிஷன் பிக்கப்பை ரெண்டு பாதியா உடைச்சது இதுக்குத்தான். ஒரு பாதியில காந்தத்தையும் சுத்தோட திசையையும் எதிரா வெச்சு, ரெண்டையும் வரிசையாச் சேர்த்துட்டா, கம்பியோட சத்தம் கூடும், இரைச்சல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். 1960-ல வந்த ஜாஸ் பேஸ்ல பிக்கப் ரெண்டு. ரெண்டு வால்யூமும் ஒரே அளவுல இருந்தாத்தான் இரைச்சல் அடங்கும். ஒண்ணைக் கொறைச்சாத் தலை தூக்கும். தறிப்பட்டறை பக்கத்துல குடியிருக்கறவங்களுக்கு நான் சொல்றது பிரிசிஷன் வகைதான்.

உங்க இரைச்சல் எந்த வகைன்னு முதல்ல கண்டுபிடிங்க. கம்பியைத் தொட்டதும் கொறைஞ்சா எர்த் ஒயர் சரியா இருக்குது, உள்ள கவசம்தான் போதலை. தொட்டதும் எச்சாச்சுன்னா ஜாக்குல ரெண்டு ஒயரும் மாறிக் கெடக்க வாய்ப்பு இருக்குது. நின்ன எடத்துலயே பேஸைத் திருப்பிப் பாருங்க. ஒரு திசையில அடங்கி ஒரு திசையில ஏறுனா அது காயில் வாங்கற இரைச்சல். அதுக்குக் கவசம் போட்டுப் பிரயோஜனமில்லை.

கவசம் போடறதுன்னா, பிக்கப் குழி, கண்ட்ரோல் குழி ரெண்டுலயும் தாமிரத் தகடு ஒட்டறது. டிரான்ஸ்ஃபார்மர் கட்டறவங்ககிட்ட மெல்லிசான தகடு கெடைக்கும். ஒரு துண்டு மேல இன்னொண்ணு ஏறற எடத்துல எல்லாம் ஒரு பொட்டு சாலிடர் வைங்க. அடியில இருக்கற பசை கரண்டைக் கடத்தாது. மல்டிமீட்டரைப் ‘பீப்’ல வெச்சு, எல்லாத் துண்டும் ஒண்ணாச் சேர்ந்திருக்குதான்னு பார்த்துட்டு, எர்த்தோட சேருங்க. சிக்னல் ஒயர் தகட்டுல படக்கூடாது. பட்டாச் சத்தமே வராது.

குழி தொறந்து இருக்கும்போதே வால்யூம், டோன் திருகற பொட்டையும் (பொட்டென்ஷியோமீட்டர்) பார்த்துருங்க. காயில் ஒத்தையான பிக்கப்புக்கும் பிரிசிஷனுக்கும் 250 கிலோ ஓம், ரெண்டு காயில் சேர்ந்த ஹம்பக்கர்னா 500. டோனுக்கு 473-ன்னு அச்சடிச்ச கெப்பாசிட்டர், அதாவது 0.047 மைக்ரோஃபாரட். கரகரன்னு இருந்தா கான்டாக்ட் கிளீனர் அடிச்சுப் பத்துத் தடவை திருகுங்க, பாதிக் கோளாறு அதுலயே தீரும்.

செத்த காயிலைச் சுத்துன கதை

2006-ல என் பேஸ்ல ஈயும் ஏயும் திடீர்னு ஊமையாச்சு. மீட்டர்ல பார்த்தா பிக்கப்போட ஒரு பாதி ஓப்பன், உள்ள கம்பி அறுந்திருக்குது. நல்லா இருந்த பாதி 5.2 கிலோ ஓம் காட்டுச்சு. எங்க மாமா மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருந்தாரு. எடுத்துட்டுப் போனேன்.

“ஏனுங் மாமா, இதைச் சுத்த முடியுங்களா?”

“சுத்தறதுக்கென்ன மாப்ளே. எத்தனை சுத்து, என்ன கேஜ், அதைச் சொல்லு.”

கம்பி 0.063 மி.மீ., தலைமுடி கனம். சுத்து பத்தாயிரம் பக்கம். ஒரு பாதிக்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கம்பி. மோட்டார் கம்பி பழகுன கை அது. மாமா சுத்துனாரு, அறுந்துச்சு. நான் சுத்துனேன், அறுந்துச்சு. பார்த்துட்டு இருந்த அத்தை, “கொண்டா இங்க”ன்னு ராட்டையை எடுத்துட்டு வந்தாங்க. முப்பது வருஷம் தறி நாடாவுக்குத் தார், அதாவது ஊடை நூல் குழல், சுத்துன கை. கம்பியை ரெண்டு விரலுக்கு நடுவுல ஒரு துணித் துண்டுல விட்டு, இழுக்காம, தளரவும் விடாம, ஒரே சீராச் சுத்துனாங்க. ராட்டைக் கதிர்ல ஒரு சின்னக் காந்தம் ஒட்டி, எதுக்க, காந்தம் கிட்ட வந்தா மூடற ஒரு ரீட் சுவிட்ச் வெச்சு, அதைப் பழைய கால்குலேட்டரோட சமக்குறி பட்டன்ல இணைச்சிருந்தேன். ஒண்ணு கூட்டல் ஒண்ணுன்னு போட்டு விட்டா, ஒவ்வொரு சுத்துக்கும் எண் ஏறும். முக்கால் மணி நேரத்துல முடிஞ்சுது. மீட்டர் 5.3 காட்டுச்சு.

நீங்க சுத்தறதா இருந்தா கவனிக்க வேண்டியது இதுதான். பழைய கம்பியை அவுக்கறதுக்கு முன்னால, எந்தத் திசையில சுத்தியிருக்குது, எந்த நுனி உள்ளது, எந்த நுனி வெளியதுன்னு எழுதி வைங்க. காந்தத்து மேல மெல்லிசா ஒரு டேப் போட்டுட்டுத்தான் முதல் சுத்து. இல்லாட்டிக் காந்த ஓரம் எனாமலைக் கீறி ஷார்ட் ஆயிரும். மாட்டிப் பார்க்கும்போது இரைச்சல் முன்னைக்கு எச்சா இருந்தா, அந்தப் பாதியோட ரெண்டு ஒயரையும் மாத்தி சாலிடர் பண்ணுங்க. கடைசியா மெழுகுல முக்கோணும். மெழுகுவத்தி மெழுகு நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, தண்ணிப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வெச்சு 65 டிகிரிக்கு மேல போகாமப் பார்த்துக்கோணும். நேரா அடுப்புல வைக்கவே கூடாது, மெழுகு தீப்புடிக்கும். காத்துக் குமிழி வர்றது நிக்கற வரைக்கும் விட்டுட்டு எடுங்க.

மேடையில

நோம்பிக் கச்சேரிக்கு ஜெனரேட்டர்தான். சீரியல் லைட்டும் அதுலதான், நம்ம ஆம்பும் அதுலதான். எர்த் சரியா இல்லாத மேடையில கம்பியில கை, மைக்குல உதடுன்னு பட்டா ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன்: பேஸ் கம்பிக்கும் மைக் தலைக்கும் நடுவுல மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வெச்சுப் பாருங்க. ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல காட்டுனா, மைக்செட்காரர் எர்த்தைச் சரி பண்ற வரைக்கும் கருவியைத் தொடாதீங்க. இரைச்சலைக் கொறைக்கறேன்னு பிளக்குல எர்த் பின்னை ஒடைக்கறது மகா தப்பு. பேஸை மிக்ஸரோட இணைக்கற டிஐ பாக்ஸ்ல இருக்கற கிரவுண்ட் லிஃப்ட் அதுக்குத்தான் இருக்குது. அது சிக்னல் கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கும்.

மிக்ஸர்ல உங்க சேனலோட லோ கட் (அடிச்சத்தத்தை வெட்டற) பட்டன் அமுங்கி இருந்தா எடுக்கச் சொல்லுங்க. ஈ கம்பியோட அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ். இரைச்சலுக்காக 50 ஹெர்ட்ஸை வெட்டறேன்னு சொன்னாலும் ஒத்துக்காதீங்க. ஈ கம்பியில மூணாவது ஃபிரெட் 49 ஹெர்ட்ஸ், அந்தச் சுரத்தோட அடிச்சத்தமே காணாமப் போயிரும். மைதானத்துல அடிச்சத்தத்தை ஏத்துனா ‘தொம்தொம்’னு கலங்கும். 250-ல இருந்து 800 வரைக்கும் கொஞ்சம் ஏத்துனா என்ன சுரம்னு பின்னால நிக்கறவங்களுக்கும் தெரியும்.

கீபோர்டு வாசிக்கறவரு எடது கையில பேஸ் புடிச்சுப் பழகியிருப்பாரு. மேடை ஏறறதுக்கு முன்னாடியே, “அண்ணா, கீழ நான் பார்த்துக்கறேங்”ன்னு மரியாதையாச் சொல்லிருங்க. டோலக்கோட எடப்பக்கத் ‘தொம்’மும் நம்ம சுரமும் ஒரே எடத்துல விழோணும். அந்தத் தொம்முக்கு அப்புறம் கம்பியை அமுக்கி நிறுத்தறதுல இருக்குது வாசிப்பு. இளையராஜா பாட்டுகள்ல பேஸ் வாசிச்ச சசிதரன் வாசிப்பைக் கேளுங்க, எங்க வாசிக்கறாருங்கறதை விட எங்க நிறுத்தறாருன்னு எழுதிப் பாருங்க. பிரிட்ஜ் பக்கத்துல கம்பிக்கு அடியில ஒரு துண்டு ஸ்பாஞ்ச் சொருகுனா அந்தக் கட்டைச் சத்தம் சுலபமா வரும். ஃபெண்டர் அந்தக் காலத்துல பிரிட்ஜ் மூடிக்கு உள்ள ஸ்பாஞ்ச் வெச்சேதான் வித்தாங்க.

சேர்த்து வைக்கறது

என்கிட்ட நாலு பேஸ் இருக்குது. மூணு பழசு வாங்குனது. பழசு பார்க்கப் போனா, தலைப்பக்கம் இருந்து கழுத்தை ஒரு கண்ணை மூடிப் பாருங்க. முறுக்கிக்கிட்டு இருந்தா வேண்டாம், அதை வீட்டுல சரி பண்ண முடியாது. டிரஸ் ராட் ரெண்டு பக்கமும் அசையுதான்னு ஓனர்கிட்டக் கேட்டுட்டுப் பாருங்க. பிக்கப் ஓப்பனா இருந்தா, பொட்டு கரகரன்னா, கம்பி துருவேறி இருந்தா, அதையெல்லாம் காட்டி வெலையைக் கொறைச்சு வாங்கலாம். பட்டையில மாட்டி அஞ்சு நிமிஷம் நில்லுங்க. தலை கீழ சாஞ்சா மூணு மணி நேரக் கச்சேரியில எடது தோள் தாங்காது.

தகர ஷீட்டுக் கொட்டாயிலயும் மேக்குச் சுவத்துலயும் பேஸை வைக்காதீங்க, வெயில்ல நிக்கற கார் டிக்கியிலயும் கூடாது. கழட்டுன பாகம் எதையும் தூக்கிப் போட்டுராதீங்க. எந்த பேஸ், என்னைக்குக் கழட்டுனதுன்னு சீட்டு எழுதிக் கவர்ல போட்டு வைங்க. பின்னால விக்கும்போது ஒரிஜினல் பாகத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஒவ்வொரு பேஸுக்கும் நோட்டுல ஒரு பக்கம் ஒதுக்கி, கம்பி மாத்துன நாள், எட்டாவது ஃபிரெட் சந்து, பிக்கப்போட ஓம் எல்லாம் வருஷா வருஷம் எழுதுங்க. போன ஆடியில நான் எழுதுனது: பழைய பாதி 5.2, அத்தை சுத்துனது 5.3.