வெத்திலையை விடேக்க விட்ட பிழை
முதலில் புகையிலையை மட்டும் நிப்பாட்டினேன், பாக்கும் சுண்ணாம்பும் தொடர்ந்தது. அதுதான் பெரிய பிழை. பாக்கில் இருக்கிற அரிகோலின் எண்ட பொருளும் ஆளை அடிமைப்படுத்தும். புகையிலை சேராத பாக்கே வாய்ப்புற்றுநோய் தரும். ரெண்டையும் ஒரே நாளில் விடவேணும்.

புகையிலையில் இருக்கிற நிக்கொட்டீனுக்கான தவிப்பு முதல் 3 நாளில்தான் உச்சம். 2–4 கிழமையில் தணியும். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிசம்தான்: ஒரு ஏலக்காயைக் கடைவாயில் அடக்கி, தண்ணி குடிச்சு, 10 நிமிசம் தள்ளிப்போடுங்கோ.

சோறு சாப்பிட்ட உடனேதான் கை வெத்திலைத் தட்டத்தைத் தேடும். தட்டத்தையே வீட்டில் வைக்காதேங்கோ. வாயைக் கொப்பளிச்சிட்டு திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு நடை போனால் அந்த நேரம் கழிஞ்சிடும். ஒருநாள் தவறி வெத்திலை போட்டிட்டால் அடுத்த வேளையே திரும்ப விடத் தொடங்குங்கோ, திங்கட்கிழமைக்குக் காத்திருக்காதேங்கோ.

உறைப்புப் பட்டால் வாய் எரிஞ்சாலோ, வாய்க்குள் வெள்ளைப் படை தெரிஞ்சாலோ, வாய் திறக்க இறுகினாலோ பல் வைத்தியரிடம் உடனே காட்டுங்கோ.